ரிலே பாய் வைத்த பந்தி

தென்காசியைச் சுற்றி ஓடுகிற வண்டிகளில் பாதி, ரிலே பாய் கை வைத்ததால் ஓடுகின்றன. மீதிப் பாதி அவர் கை வைக்காததால் ஓடுகின்றன. இதில் எந்தப் பாதி பெரியது என்று குற்றாலம் சாலை டீக்கடையில் இன்றைக்கும் தகராறு நடக்கும். பாய் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களிலேயே நடந்தது. அவர் பாட்டுக்கு வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. வடகரைக்காரர். கல்ஃபில் மணல்மேட்டில் ஏறி இறங்குகிற வண்டிகளுக்கு வயரிங் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் இளமை முழுவதையும் கழித்தவர். ஊர் திரும்பியபோது எல்லோரும் சென்ட், போர்வை, டார்ச் லைட் என்று கொண்டுவருவார்கள். இவர் கழுத்தில் ஒரு டெஸ்ட் பல்போடு வந்து இறங்கினார். இரண்டு வயரும் ஒரு குட்டி பல்பும். கரண்டு வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற சாமான். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பாய்க்கு ஒரு கொள்கை உண்டு. உலகத்தில் நடக்கிற எல்லாத் தொல்லைக்கும் காரணம், வைக்க வேண்டிய இடத்தில் ரிலே வைக்காததுதான். ரிலே என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் என் அறிவு. பாய்தான் விளக்கினார். ஸ்விட்சிலிருந்து வருகிற மெல்லிய வயரில் மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரண்டை விட்டால் வயர் வெந்துபோகும். அதனால் ஸ்விட்ச் ரிலேயிடம் சொல்லும், ரிலே பெரிய கரண்டைத் திறந்துவிடும்.

“கலெக்டரு கையெழுத்துதான் போடுவாரு தம்பி. கல்லு சுமப்பாரா? சுமக்கதுக்கு ஆளு வேற. அந்த ஆளுதான் ரிலே” என்றார்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் அவர் எல்லாரையும் போல ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன். நிறுத்தவில்லை. தன் வீட்டு அழைப்பு மணிக்கு இரண்டு ரிலே வைத்தார். வந்தவர் பொத்தானை அமுக்கினால் முதல் ரிலே இரண்டாவதோடு கலந்துபேசி, அது யோசித்து, அப்புறம்தான் மணி அடிக்கும். அதற்குள் வந்தவர் வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவார். வேண்டாத விருந்தாளிகள் குறைந்துபோனதால் வீட்டம்மாவுக்கு இதில் வருத்தமில்லை.

டீக்கடை பாய்லர் விஷயம் இன்னும் பெரியது. தண்ணீர் கொதித்ததைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று இவருக்கு மனசு கேட்கவில்லை. பாய்லர் தலையில் ஒரு ப்ரஷர் ஸ்விட்சைப் பொருத்தினார். உள்ளே ஆவி முட்டினால் அது தெரிந்துகொண்டு ரிலேயிடம் சொல்லும், ரிலே சத்தம் எழுப்பும். சத்தத்துக்கு அவரிடம் அன்றைக்கு இருந்தது ஒரு பழைய பஸ் ஹாரன். கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப். முதல் கொதியிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் டம்ளரைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அவர்களில் முதலில் ஓடியவர் ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸின் டிரைவர். தன் வண்டியை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவதாக அவர் நினைத்துவிட்டார். ஹாரனைக் கழற்றச் சொன்னதும் பாய் கழற்றினார், ஸ்விட்சை விட்டுவிட்டார். அது இன்றைக்கும் பாய்லர் தலையில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் ராஜி அக்காவின் பிழைப்பு போய் மாட்டியது.

வடகரையைத் தாண்டி, மலை அடிவாரத்தில் எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் இருக்கின்றன. அத்தான் தவறிப்போன பிறகு அக்கா டவுனில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து, இரண்டு அறையை வெள்ளையடித்து, குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களைத் தங்கவைக்கலாம் என்று இறங்கினாள். சென்னையில் இருக்கிற பெரியண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை. அவருக்கு ஒரு கொச்சிக்காரர் ஆசை காட்டியிருந்தார், தோப்போடு வாங்கி ரிசார்ட் கட்டுவதாக. கடைசியில் அண்ணன் ஒரு முடிவு சொன்னார். இந்த ஒரு சீசன். ஆள் வந்தால் தோப்பு அக்காவுக்கு, வராவிட்டால் கொச்சிக்காரருக்கு. அக்கா சரி என்றாள். அவளுக்கு வேறு வீடு கிடையாது என்பதை அண்ணனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதில் ஒரே சிக்கல், வீட்டுக்குப் போகிற மேடு. சுத்தச் செம்மண். சாரல் விழுந்துவிட்டால் கார் ஏறாது, ஆட்டோ ஏறாது, ஆடுகூட ஒருமுறை யோசிக்கும். குற்றாலத்துக்கு ஆள் வருவதே சாரலுக்காகத்தான். எனவே விருந்தாளி வருகிற அன்றெல்லாம் மேடு வழுக்கும். இதற்காக அக்கா கொல்லத்துக்காரர் ஒருத்தரிடம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கினாள். சாதாரண ரோட்டில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும். வழுக்கினால் ஒரு குட்டி பம்பு ஓடி, எண்ணெயை அமுக்கி, பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பம்பை எப்போது ஓட்டுவது என்று முடிவெடுக்கிற மூளை ஒன்று சீட்டுக்கு அடியில் இருந்தது. சீசனுக்கு முந்தின ஐப்பசியில் தரைப்பாலத்தைத் தாண்டும்போது அந்த மூளைக்குள் தண்ணீர் புகுந்து அது காலமாகிவிட்டது. கம்பெனிக்குக் கேட்டால் அந்த மாடலை நாங்களே மறந்துவிட்டோம் என்கிற மாதிரி பதில் வந்தது.

பாயிடம் போனோம். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கம்பெனி மூளை எதற்கு, வெளியில் தனியாக விற்கிற கண்ட்ரோலர் ஒன்றைப் போட்டு, அதற்கு ஒரு ரிலேயும் ஒரு ப்ரஷர் ஸ்விட்சும் வைத்தால் மலையே ஏறும் என்றார். ரிலே என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது. அவருடைய மருமகன் கல்ஃபிலிருந்து பேரீச்சம்பழத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவில் பொதிந்து கண்ட்ரோலரைக் கொண்டுவந்து சேர்த்தான். கூடவே ஒரு செய்முறைத் தாள் இருந்தது. பாய் அதை நாலாக மடித்து, ஆடுகிற ஸ்டூலின் காலுக்குக் கொடுத்தார். எழுதினவன் நம் ஊர் மழையைப் பார்த்திருக்க மாட்டானாம்.

பாய் எந்த வேலையையும் வண்டிக்காரருக்கு விளக்கிச் சொல்லாமல் தொடங்க மாட்டார். விளக்கம் எப்போதும் கல்யாணப் பந்தியாகத்தான் இருக்கும். பேட்டரி சமையல்கட்டு. பம்பு பரிமாறுகிறவன். கண்ட்ரோலர் பந்தி விசாரிக்கிற பெரியப்பா. அவர் அங்கிருந்து கண்ணைக் காட்டினால், ரிலே என்கிற மேற்பார்வைக்காரன் பரிமாறுகிறவனை இலைக்கு அனுப்புவான். ப்ரஷர் ஸ்விட்ச் யாரென்று அக்கா கேட்டாள்.

“அதான் தங்கச்சி, இலைக்கு மேல நீட்டுத கை. வயிறு நெறைஞ்சா கை வந்துரும்லா, போதும்னு. எண்ணெய் வேணுங்கமட்டும் ஏறிட்டுன்னா ஸ்விட்ச் போதும்னு சொல்லும். பம்பு நிக்கும்.”

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணக்கு வேலை பார்த்தவள் இல்லையா. எனக்கும் விளங்கியது, பசியும் எடுத்தது.

ப்ரஷர் ஸ்விட்சைப் பொருத்துவதற்கு முன்னால் அதைச் சோதிக்க வேண்டும் என்றார் பாய். எங்கே போவது ப்ரஷருக்கு? பேரருவிக்குப் போனார். சனிக்கிழமை, நல்ல சீசன் கூட்டம். தலையில் புனல், புனலில் ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஸ்விட்ச், அதிலிருந்து இடுப்பில் கட்டிய பேட்டரி, கழுத்தில் பல்பு. இந்தக் கோலத்தில் அருவிக்கு அடியில் போய் நின்றார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் அருகில் போய், இது எந்த வாதத்துக்கு அண்ணாச்சி, நமக்குத் தெரியாத வைத்தியமா இருக்கே என்று விசாரித்தார். போலீஸ்காரர் விசில் ஊதினார். பாய்க்கு விசில் காதில் விழவில்லை, காதில் தண்ணீர். கடைசியில் இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். பல்பு எரியவே இல்லை.

“என்ன பாய், ஸ்விட்ச் சரியில்லையா?” என்றேன்.

“ஸ்விட்ச்ல ஒரு குத்தமும் இல்ல. இந்த வருசம் அருவியில தண்ணி கம்மி” என்றார்.

அன்றைக்கு அந்த அருவி இரைந்த இரைச்சலில் இதை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

வயரிங் நடந்தது. முதல் விருந்தாளிகள், மதுரையிலிருந்து ஒரு குடும்பம், வெள்ளிக்கிழமை வருவதாகப் போனில் உறுதி செய்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் வண்டி தயார் என்று பாய் சொன்னார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் முன்னால், பாய் பின்னால். காலையில் பெய்த மழையில் மேடு பளபளவென்று கிடந்தது. பாதி தூரத்தில் முன்சக்கரம் வழுக்கியது. பின்னால் ‘டொக்’ என்று ரிலே. அதைத் தொடர்ந்து ‘ங்ங்ங்’ என்று பம்பு. பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது, வண்டி ஏறியது. அக்கா சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்குச் சிரித்தாள்.

சிரிப்பு வீட்டு முற்றம் வரைக்கும்தான் இருந்தது. மேலே வந்து வண்டியைத் திருப்பப் போனால் திரும்பவில்லை. பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய் மேலும் மேலும் ஏறி, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டன. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகப் போய்த் துளசி மாடத்தை இடித்து, கிணற்றடிக் கல்லில் முட்டி நின்றது. நின்ற பிறகும் பம்பு ஓடியது. ஒரு தீய்ந்த நாற்றம் வந்தது. பிறகு ஃப்யூஸ் போய் எல்லாம் அமைதியானது.

அக்கா இறங்கினாள். எண்ணெய் நிறைந்தால் ஸ்விட்ச் போதும் என்று சொல்லும், பம்பு நிற்கும் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டாள். ஸ்விட்ச் சொல்லத்தான் செய்தது என்றார் பாய். பிறகு ஏன் நிற்கவில்லை என்றாள்.

பாய் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“போதும்னு சொன்ன ஒடனே நிறுத்துததுக்கு இது என்ன மெட்ராஸ் கல்யாணமா தங்கச்சி? மொதப் போதும் மரியாதைக்குச் சொல்லுதது. அதைக் கேட்டு நிறுத்துனா இலையில இருக்கவன் கோவிச்சுக்கிடுவான். ரெண்டாவது போதும்தான் நெசம். அதுக்குன்னு தனியா ஒரு ரிலே வச்சிருக்கேன்லா.”

விஷயம் இதுதான். பந்தி உதாரணத்தைச் சொல்லிச் சொல்லி அவரே அதில் மூழ்கிவிட்டார். ஸ்விட்ச் முதல் தடவை போதும் என்றால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு ரிலே. இரண்டாவது தடவை சொன்னால் மட்டும் பம்பை நிறுத்துகிற ஏற்பாடு. ஆனால் ஸ்விட்சுக்கு நம் ஊர் மரியாதை தெரியாது. அது ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அது மறுபடி சொல்லட்டும் என்று பாயின் ரிலே காத்திருக்கும். பம்பு ஊற்றிக்கொண்டே இருக்கும்.

மலையாளத்தில் ‘மதி’, அதாவது போதும், என்றால் அங்கேயே கரண்டியை எடுத்துவிடுவான், அவனுக்குச் செய்கிற வண்டியில் இந்த ரிலே வேண்டாம், இது நம் ஊர் வண்டி என்று வேறு விளக்கினார். நான் சிரிப்பை அடக்கத் தென்னை மரத்தைப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“பாய், நாளை கழிச்சு ஆளு வாராவ. இது உங்களுக்குப் பந்தி. எனக்கு வீடு” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் பாய் பதிலுக்குச் சத்தம் போட்டு, இரண்டு பேரும் டீ குடித்துச் சமாதானமாகியிருப்பார்கள். பாய் கழுத்திலிருந்த டெஸ்ட் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அதை அவர் கழற்றி அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. மேட்டில் வழுக்கி வழுக்கி இறங்கிப் போய்விட்டார். வியாழக்கிழமை கடை திறக்கவில்லை.

வேறு ஆள் பார்க்கலாம் என்று தென்காசி முழுக்க அலைந்தேன். வந்து பார்த்த ஒருவர், பாய் வயரிங் என்றதும் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, இதில் எது எங்கே போகிறது என்று கட்டினவருக்கு மட்டும்தான் தெரியும் என்றார். அக்கா மதுரைக்காரர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, போனை எடுக்காமல், வெள்ளையடித்த அறையில் புதுப் போர்வையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நான் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு ஃப்யூஸ் மாற்றக்கூடத் தெரியாது. அன்றைக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரித்ததில் பாய் வடகரையிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இருப்பது தெரிந்தது. போனேன். அழைப்பில்லாமல் போனவனை யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே இலை கிடையாது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். என்னை உட்காரவைத்த தட்டில் பாய் இருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கழுத்தில் பல்பு இல்லை. என்னைப் பார்த்து, சாப்பிடு தம்பி என்று மட்டும் சொன்னார்.

நெய்ச்சோறு வந்தது. போதும் என்றேன். ஒரு கரண்டி விழுந்தது. போதும் போதும் என்றேன். அரைக் கரண்டி விழுந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே பட்டது.

தட்டின் மறுபக்கம் ஒரு பெரியவர் இருந்தார். பரிமாறுகிற ஆள் அவர் பக்கம் கரண்டியை நீட்டினான். அவர் ஒரு தடவை, மெதுவாக, போதும் என்றார். கரண்டி அந்தரத்தில் நின்றது. திரும்பிப் போய்விட்டது.

பாயின் கை சோற்றில் அப்படியே நின்றது. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, ஏம்ல அவருக்கு மட்டும் ஒரு சொல்லுல விட்டுட்டே என்று கேட்டார்.

“மாமாவுக்குச் சுகரு இருக்குல்லா. அவ்வோ ஒரு தடவை சொன்னா நிறுத்திறணும். கூட விழுந்துச்சுன்னா ஆஸ்பத்திரிதான்” என்றான் அவன்.

பாய் கொஞ்ச நேரம் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குக் கூச்சமாகி, தனக்கு மாத்திரையில் கட்டுக்குள்தான் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பாய் எழுந்துவிட்டார். சேர்ந்து சாப்பிடுகிற தட்டிலிருந்து மற்றவர்கள் முடிக்குமுன் எழுவது பெரிய மரியாதைக்குறைவு. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் தம்பி, வண்டிக்குச் சுகரு இருக்குன்னு உங்க அக்கா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

சொல்லியிருக்க வேண்டும், எங்கள் பக்கம்தான் தப்பு என்று அக்காவின் சார்பில் ஒப்புக்கொண்டேன்.

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதே பல்பு கழுத்துக்கு வந்துவிட்டது. தோப்புக்குப் போனதும் கல்யாணச் சட்டையோடு செம்மண்ணில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். சாரல் பிடித்துக்கொண்டது. அக்கா குடை பிடித்தாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. “குறடு வேணும்னு சொல்லு தம்பி” என்று கீழேயிருந்து வரும். குறடு அவள் கையிலேயே இருக்கும். “இந்தா இருக்குன்னு சொல்லு” என்பாள். நான் நடுவில் நின்று இரண்டையும் எடுத்துச் சொன்னேன்.

கடைசியில் பாய் கையில் ஒரு ரிலேயோடு வெளியே வந்தார். அவர் ரிலே வைத்துத்தான் பார்த்திருக்கிறோம். எடுத்து யாரும் பார்த்ததில்லை. அதை உள்ளங்கையில் வைத்து மண்ணைத் துடைத்தார். ஃப்யூஸை மாற்றினார். இனி ஸ்விட்ச் ஒரு தடவை சொன்னால் நின்றுவிடும் என்று என்னிடம், அக்காவுக்குக் கேட்கும்படி, சொன்னார்.

முன்னோட்டம் பார்க்க நேரமில்லை. மதுரைக்காரர்கள் மேட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டியை இறக்கினாள். பெட்டி படுக்கையோடு எல்லாரையும் ஏற்றிக்கொண்டாள். பாய் பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து, வண்டித் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். குடும்பத் தலைவர் என்னைப் பார்த்தார். இவர் கூட வருவார் என்று மட்டும் சொன்னேன்.

பாதி மேட்டில், புதன்கிழமை வழுக்கிய அதே இடத்தைவிடச் சற்று மேலே, முன்சக்கரம் சும்மா சுற்றியது. வண்டி பின்னோக்கி நழுவியது. பக்கத்தில் பள்ளம். மதுரை அம்மா ஒருவர் மீனாட்சியைக் கூப்பிட்டார். அக்கா ஆக்ஸிலேட்டரை விடவில்லை. அவள் மேட்டைப் பார்க்கவில்லை, மேலே தெரிந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக். ங்ங்ங்.

பின்சக்கரம் கவ்வியது. பிறகு பம்பு நின்றது. தானாகவே நின்றது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ங்ங் என்று கொஞ்சம் ஓடி, மறுபடி நின்றது. அது என்ன சத்தம் என்று குடும்பத் தலைவர் கேட்டார்.

“சாப்பிடுது” என்று பெட்டிகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. “அளவா.”

முற்றத்தில் அக்கா ஒடித்தாள், வண்டி திரும்பியது. துளசி மாடத்துக்கு இந்தத் தடவை ஒரு சேதமும் இல்லை. விருந்தாளிகள் இறங்கி மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்து நின்றார்கள். அக்கா இறங்கவில்லை. முந்தானையால் ஸ்டியரிங்கைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பாய் ஒரு காதில் முழுக்கச் செம்மண்ணோடு எழுந்து வந்து, பம்புச் சத்தம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, மறுபடி கல்யாண வீட்டுக்கே போனார். அந்தச் சட்டையோடு.

அந்த வருஷம் சீசன் முடிகிறவரை வீடு காலியாக இருக்கவில்லை. அண்ணன் சென்னையிலிருந்து நேரில் வந்து அந்த வண்டியிலேயே மேலே ஏறினார். அந்தச் சத்தம் என்ன என்று அவரும் கேட்டார். அதன் பிறகு கொச்சிக்காரர் பேச்சை எடுக்கவில்லை.

பாய்க்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெரிய மழை பெய்தால் மொபெட்டில் வந்து மேட்டுக்குக் கீழே நிற்பார். மேலே வர மாட்டார், டீ குடிக்கவும் மாட்டார். வண்டி ஏறுகிறபோது காது கொடுத்துக் கேட்பார். அது ஏறி முடித்ததும் திரும்பிப் போவார். அக்கா இதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் விருந்தாளியே இல்லாத மழை நாளிலும் அவளுக்கு எப்படியோ கீழே ஒரு வேலை வந்துவிடும். வண்டியை இறக்கி, சும்மா ஏற்றிக்கொண்டு வருவாள்.

போன வருஷம் பாயையும் வீட்டம்மாவையும் மகன் கல்ஃபுக்கே கூப்பிட்டுக்கொண்டான். வயசான காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்றான். குற்றாலம் சாலை வளைவில் அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கவர் விற்கிறார்கள். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. குற்றாலம் சாலையில் என்னோடு சண்டைக்கு வர ஒரு ஆளில்லை. அவர் இல்லாமல் அந்தச் சாலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆனியில் ஒருநாள் நல்ல மழை. நான் தோப்பில் இருந்தேன். பாதி மேட்டில் அக்கா வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். செல்போனை என் கையில் கொடுத்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்து வரச் சொன்னாள். அங்கே மழையே கிடையாதாம். அவள் மறுபடி ஏறினாள். டொக் என்றது, பம்பு ஓடியது, நின்றது. நான் நனைந்துகொண்டே பக்கத்தில் வழுக்கி வழுக்கி ஏறினேன். போனில் பேச்சே இல்லை, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிற சத்தம் மட்டும் இருந்தது. மேலே போனதும் அக்கா இறங்கி வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“கேட்டுச்சா அண்ணே?” என்றாள்.

பாய் என்று கூப்பிடுவதை அவள் எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.